கார் வரியால் ஆலை வேலைகள் அமெரிக்காவுக்குத் திரும்புமா?

கேள்வி: “2025-இல் டிரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு 25% வரி போட்டாரே, மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போன கார் உற்பத்தி அமெரிக்காவுக்கே திரும்பி வருமா? வேலைகள் கூடுமா?”

டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில், கார் பாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். தகட்டைப் பிரஸ்ஸில் அடித்து, வெல்டிங் செய்து, சீட்டுக்கு அடியில் வரும் பிராக்கெட்டுகளை அனுப்புகிற இடம். பொருளாதாரம் படித்ததில்லை. பிரஸ் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

சில ஆலைகள் வரும். வரத் தொடங்கியும் விட்டன. ஆனால் வேலை போனவருக்கே அந்த வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்காது.

ஜீப் செரோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 வரை ஒஹாயோவின் டொலீடோவில் செய்தார்கள். அப்புறம் இல்லினாயின் பெல்விடியருக்கு மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் பெல்விடியர் ஆலையை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய புதிய செரோக்கி மெக்சிகோவின் டொலூகாவில் தயாராகிறது. 2025 அக்டோபரில் ஜீப்பைச் செய்யும் ஸ்டெல்லாண்டிஸ் கம்பெனி அறிவித்தது: செரோக்கியும் இன்னொரு ஜீப் மாடலான காம்பஸும் பெல்விடியரில் செய்யப்படும், 2027-இல் தொடங்கும், சுமார் 3,300 பேருக்கு வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலை நின்ற அன்று எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அது திறக்கும்போது பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். அந்த நான்கு வருடம் வீட்டுக்கடனும் வாடகையும் நிற்கவில்லையே. அதோடு, வரிக்கு முன்பே, 2023 வேலைநிறுத்தத்தின்போதே பெல்விடியரைத் திறக்கவேண்டும் என்று தொழிற்சங்கம் போராடி வாக்குறுதி வாங்கியிருந்தது. மொத்தப் பெயரையும் வரிக்கே கொடுப்பது அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதே காம்பஸ் முதலில் கனடாவின் பிராம்ப்டன் ஆலைக்கு என்று முடிவாகியிருந்தது. நம் தமிழர்களும் நிறையப் பேர் வாழும் ஊர். அங்கே சுமார் 3,000 தொழிலாளர்கள் புது மாடலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இப்போது யார் பதில் சொல்வது?

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்றும் பலர் கேட்கிறார்கள். போன வருடம் மெக்சிகோவில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு பிராக்கெட்டை எங்களிடம் மாற்றினார்கள். தகட்டை வெட்டி வளைக்கும் அச்சை இங்கே ‘டை’ என்போம். இரண்டு டன் எடை. லாரியில் வந்து இறங்கியது. எங்கள் பிரஸ்ஸின் உயரத்துக்கு அது பொருந்தவில்லை, அடியில் தட்டு வைத்து ஏற்றினோம். ஓட்டிப் பார்த்தால் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அங்கே வாங்கிய தகடு வேறு, இங்கே வாங்கியது வேறு. டையைத் தேய்த்து, எண்ணெயை மாற்றி, மறுபடி 300 பீஸ் அடித்து, ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து அனுப்பி, வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்குவதற்குள் ஏழு மாதம். கடைசியில் புதிதாக வேலை கிடைத்தது மூன்று பேருக்கு. வெல்டிங்கை ரோபோ செய்கிறது. ஒரு காரில் இப்படி எத்தனை ஆயிரம் பாகங்கள்!

ஒரு பிராக்கெட்டுக்கே ஏழு மாதம். வரியோ அதற்குள் நாலு முறை மாறிவிடுகிறது. 2025 ஏப்ரல் 3-இல் கார்களுக்கு 25%. அதே நாள் ஸ்டெல்லாண்டிஸ் கனடா, மெக்சிகோ ஆலைகளைத் தற்காலிகமாக நிறுத்த, அவற்றுக்குப் பாகம் செய்துகொண்டிருந்த மிச்சிகன், இண்டியானா தொழிலாளர்கள் 900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அமெரிக்கர்கள்தான். ஏப்ரல் கடைசியில் இங்கேயே காரை ஒன்றுசேர்க்கும் கம்பெனிகளுக்குச் சலுகை. மே 3 முதல் பாகங்களுக்கும் வரி. ஜூனில் எஃகு வரி 25-இலிருந்து 50% ஆனது. அப்புறம் ஜப்பான் கார்களுக்கு 15% என்று ஒப்பந்தம். இறக்குமதி எஃகுக்குப் பாதி விலையை வரியாகக் கட்டுகிறவனும், முழுக் காரையே 15 சதவீதத்தில் இறக்குகிறவனும் ஒரே சந்தையில் நிற்கவேண்டும். எங்கள் கம்பெனியில் அந்தக் கோடையில் சனிக்கிழமை ஷிஃப்ட் நின்றது.

சரி, வரியால் பயனே இல்லையா? உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்ட கோபத்தில், 1964-இல் அமெரிக்கா இறக்குமதி டிரக்குகளுக்கு 25% வரி போட்டது. அது அறுபது வருடமாக அசையவில்லை. பிக்கப் டிரக் உற்பத்தி இன்றுவரை பெருமளவு வட அமெரிக்காவிலேயே இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கார்களுக்கு வரி 2.5% தான் இருந்தது. அதனால்தான் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2018-இல் கப்பலேறி இங்கே விற்பனைக்கு வர முடிந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலை என்ன? அமெரிக்கக் கம்பெனிகள் லாபமான டிரக்கிலேயே உட்கார்ந்துகொண்டு சின்னக் கார்களைக் கைவிட்டன. ஃபோர்டு துருக்கியிலிருந்து வேன்களை, கார் என்று 2.5% வரியே கட்டுவதற்காகப் பின்சீட்டோடு இறக்கி, சுங்கம் தாண்டியதும் சீட்டைக் கழற்றி சரக்கு வேனாக விற்றது. அதற்காக அமெரிக்க அரசோடு நடந்த வழக்கை முடிக்க 2024-இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

என் கணிப்பில், ஆலையை இழுத்து வருவது வரியின் அளவைவிட அது எத்தனை வருடம் அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கைதான். 2025 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் 400 கோடி டாலர் அறிவித்தபோதும், மெக்சிகோவில் செய்யும் பிளேசர் காரை டென்னசிக்குக் கொண்டுவர 2027 ஆகும் என்றுதான் சொன்னது. கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும் பழைய ஆலைக்கே இரண்டு வருடம். வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டுகிறவர் அடுத்த அதிபர் யார் என்றும் யோசிக்கத்தான் செய்வார்.

அந்த மெக்சிகோ டைக்காக நாங்கள் எடுத்த மூவரில் ஒருவர் டை செட்டர், அறுபத்தோரு வயது. முன்பு வேலை பார்த்த ஆலைகள் மூடியதால் இரண்டு முறை வீட்டை விற்று ஊர் மாறியவர். டையைப் பொருத்தி முதல் பீஸ் வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். அளவுக் கருவியைவிட அந்த விரலை நான் நம்புகிறேன். வரிக்கு ஆதரவாகத்தான் பேசுவார், அவர் பட்ட பாட்டுக்கு அது எனக்குப் புரிகிறது. போன மாதம் என்னிடம் கேட்டார், “வரியை எடுத்துவிட்டால் இந்த டை திரும்பத் தெற்கே போய்விடுமா?” என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். இப்போதைக்கு அந்த பிராக்கெட்டின் ஆர்டர் ஆறு மாதத்துக்குத்தான் கையில் இருக்கிறது.