அம்மாவுக்கு கடல் ஒத்துக்குமா, குழந்தைய ஏத்துவாங்களா?

பண்டிகைக்கு அம்மா அப்பா, அக்கா குடும்பம் எல்லாருக்கும் சொல்லாம கொள்ளாம க்ரூஸ் (சொகுசுக் கப்பல் பயணம்) டிக்கெட் குடுக்கணும்னு கேட்டிருந்தீங்க, அம்மாவுக்கு பஸ்லயே வாந்தி வரும், அக்கா குழந்தைக்கு 4 மாசம்னும் சொன்னீங்க. மொதல்ல குழந்தை விஷயம். நிறைய கப்பல்ல 6 மாசம் முடியாத குழந்தைய ஏத்த மாட்டாங்க, கரையே தொடாம பல நாள் போற ரூட்னா 1 வயசு ஆகணும்பாங்க.

அப்புறம் முழு சர்ப்ரைஸ் வேணாங்க, ப்ளீஸ். டிக்கெட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், பயணம் முடிஞ்சு இன்னும் 6 மாசமாவது பாஸ்போர்ட் செல்லணும்னு பல நாடு கேக்கும், கப்பல் கிளம்புற வெளிநாட்டுலேர்ந்து போயி, நடுவுல வேற நாட்டுல இறங்கிட்டு மறுபடி அங்கயே திரும்பி வர்றதா இருந்தா மல்டிபிள் என்ட்ரி விசா (ஒரே நாட்டுக்குள்ள பல தடவ நுழைய விடுற விசா) தேவைப்படலாம், இதெல்லாம் அவங்களுக்கே தெரியாம எப்படி ரெடி பண்ணுவீங்க? பண்டிகை அன்னைக்கு விஷயத்த மட்டும் சொல்லி சந்தோஷப்படுத்துங்க, பயணத்த மூணு மாசம் தள்ளி வைங்க, குழந்தையும் 6 மாசம் தாண்டிடும், லீவு கூட்டமும் ரேட்டும் குறைஞ்சிருக்கும்.

அம்மாவுக்கு கீழ் டெக்ல, கப்பலோட நடுப்பகுதியில ரூம் எடுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி. எங்கம்மாவுக்கு ஆசையா மேல் டெக்ல முன்பக்கம் எடுத்தேன், மொத ரெண்டு நாள் படுத்தே கிடந்தாங்க பாவம், இன்னும் மனசு உறுத்துது. மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு வாங்கி கைப்பையிலயே வைங்க, பெரிய பெட்டி ரூமுக்கு வர பல மணி நேரம் ஆகும். டிப்ஸ், வைஃபை, கரையில சுத்துற டூர் எல்லாம் பெரும்பாலும் டிக்கெட்ல சேராது, அதையும் நீங்களே முன்னாடி கட்டிடுங்க.