எட்.டி. படிக்கலாமா? மும்பைச் சிறப்பாசிரியர்களின் கேள்விகள்

மாட்டுங்காவிலிருந்து: எட்.டி. என்கிற கல்வியியல் டாக்டர் பட்டம் பிஎச்.டி.க்கு ஒரு படி கீழா, அக்கா?

கீழெல்லாம் இல்லை, போகிற ஊர் வேறு. பிஎச்.டி. ஆய்வாளரை உருவாக்க, எட்.டி. ஏற்கெனவே பள்ளியையோ துறையையோ நடத்துகிறவருக்கு. அமெரிக்காவில் இது நூறு வருடப் பழக்கம். ஆனால் ரொம்ப காலம் இரண்டும் ஒன்றுபோலவே நடந்தன. 2007-ல் கார்னெகி என்ற அமெரிக்க அறக்கட்டளையின் பெயரில் தொடங்கிய கூட்டு முயற்சிக்குப் பிறகுதான் பல பல்கலைக்கழகங்கள் எட்.டி.யைத் தொழில்முறைப் பட்டமாகத் திருத்தி அமைத்தன.

செம்பூரிலிருந்து: ஆய்வேட்டில் என்னதான் எழுதுவார்கள்?

உங்கள் பள்ளியிலேயே தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை. ஜூனில் குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஐ.இ.பி. என்கிற தனிக் கல்வித் திட்டம் எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், பீரோவில் வைக்கிறோம். வகுப்பாசிரியர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவோம். எட்.டி. மாணவி திட்டக்கூடாது, விசாரிக்க வேண்டும். அவருக்கு ஓய்வு பீரியட் உண்டா? பன்னிரண்டு பக்கம் யார் படிப்பார்? தாராவியிலிருந்து வரும் அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும் என்றால், ஆங்கிலத் தாளில் எதற்குக் கையெழுத்துப் போட்டார்? அப்புறம் சின்ன மாற்றம்: ஒரே பக்கம், ஆறு வாரத்துக்கொரு சந்திப்பு. பலன் உண்டா என்று எண்ணிப் பார்த்து, இல்லையென்றால் மாற்றி மறுபடி. இதுதான் நடைமுறை ஆய்வேடு.

கூடவே சட்டம், பட்ஜெட், ஆசிரியர் பயிற்சி எல்லாம் வரும். அமெரிக்காவில் பாடம் 1975-ல் வந்த அவர்களின் சிறப்புக் கல்விச் சட்டத்தைச் சுற்றியே ஓடும். 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லும் நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நீங்களாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

முலுண்டிலிருந்து: ஒரே வருடத்தில், ஆன்லைனிலேயே டாக்டர் பட்டம் தருகிறார்களாமே?

வேண்டாம் தம்பி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி பிஎச்.டி.க்கே குறைந்தது 3 வருடம். தொலைதூர, ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் பணம் கட்டி வாங்கிய சான்றிதழ் இன்று வீட்டுச் சுவரில் மட்டும் தொங்குகிறது.

சயனிலிருந்து: இங்கே வேலைக்கு உதவுமா, மேடம்?

முதலில் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. 1992 சட்டப்படி அது இல்லாமல் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சிறப்பாசிரியராக வேலை செய்ய முடியாது. கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசை என்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, பிஎச்.டி. வழிதான், இங்கேயே எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை இருக்கிறது. தனியார் பள்ளியில் ஒருங்கிணைப்பாளராகப் போக எட்.டி. எடுபடலாம்.

செம்பூரிலிருந்து மறுபடி: வேலையை விட்டுவிட்டுப் படிக்கட்டுமா?

விட்டால் ஆய்வுக்குப் பள்ளி ஏது? நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குழந்தைகளின் பெயர் எங்கும் வரக்கூடாது.