பரு மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வருகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 23 வயது. கும்பகோணத்தில் பி.எட். படிக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து முகத்தில் சீழ்ப் பருக்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் டாக்சிசைக்ளின் 100 மி.கி. கொடுத்தார். இரண்டு மாதத்தில் முகம் தெளிந்தது. நிறுத்தி ஆறு வாரத்தில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. அதிலிருந்து நானே பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, விட்டு விட்டு ஒரு வருடத்துக்கு மேல் போட்டிருக்கிறேன். இப்போது மாத்திரை கேட்கவே இல்லை. இரவு படுக்கும்போது ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்குவேன். நாலு நாளாக எதை விழுங்கினாலும் நடு நெஞ்சில் குத்துகிறது. ஆன்டாசிட் டானிக் குடிக்கிறேன். தோழி அசித்ரோமைசினுக்கு மாறச் சொல்கிறாள். மாறலாமா? மாதவிலக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: பருவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நெஞ்சைப் பார்ப்போம். இன்றைக்கே டாக்சிசைக்ளினை நிறுத்திவிடுங்கள்.

இந்த மாத்திரை கரையும்போது அமிலத்தன்மை உள்ளது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்துவிட்டால், அது இரைப்பைக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கரையும். அந்த இடம் புண்ணாகிவிடும். நீங்கள் சொல்லும் குத்தல் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். கல்லூரி விடுதிகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். எல்லாருமே இரவு விளக்கை அணைக்கும் நேரத்தில் மாத்திரை போட்டவர்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அதுவரை காரம், புளிப்பு, சூடான காபி வேண்டாம். ஆறின கஞ்சி, குழைந்த சாதம் போதும். வலி ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தண்ணீரே இறங்காமல் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதைப் போட்டுக்கொள்வதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையும் உணவுக்குழாயை அரிக்கக்கூடியதுதான். வலி தீரும்வரை அதையும் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மாத்திரை ஏன் கேட்காமல் போனது? கிருமி பழகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்திலேயே அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. இரும்புச்சத்து டாக்சிசைக்ளினைக் குடலில் பிடித்துக்கட்டிவிடும். மருந்தில் பெரும்பகுதி ரத்தத்துக்கே வராது. அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் டானிக்கும் இதையேதான் செய்யும். கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். இத்தனை நாள் மருந்து சாப்பிட்டும் உடம்பில் சேர்ந்தது கொஞ்சம்தான். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம். மறுபடி எப்போதாவது இந்த மாத்திரை எழுதப்பட்டால், காலை இட்லி சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்தபடி, ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். ஒரு மணி நேரம் படுக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையை இரவுக்குத் தள்ளிவிடுங்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். பரு வர நாலு விஷயங்கள் சேர வேண்டும்: எண்ணெய்ச் சுரப்பி அதிகம் சுரப்பது, மயிர்க்காலின் வாய் அடைத்துக்கொள்வது, உள்ளே கிருமி பெருகுவது, அதனால் அழற்சி. டாக்சிசைக்ளின் கடைசி இரண்டைத்தான் தணிக்கும். அடைப்பையும் சுரப்பையும் அது தொடுவதில்லை. அதனால் நிறுத்தினால் திரும்ப வருகிறது என்பதை மட்டும் வைத்து உங்கள் உடம்பில் கோளாறு என்று சொல்ல முடியாது, அது உங்கள் தவறும் அல்ல. அந்த மாத்திரையின் வேலையே அவ்வளவுதான்.

வீட்டுக்குத் தளம் போடும்போது அடியில் முட்டுக் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். காங்கிரீட் இறுகியதும் முட்டைப் பிரித்துவிடுவார்கள். பருவில் மாத்திரை அந்த முட்டு. மேலே பூசும் மருந்துதான் காங்கிரீட். உங்களுக்கு முட்டு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், மேலே எதுவும் கொட்டவே இல்லை.

பூசும் மருந்து என்று நான் சொல்வது முக்கியமாக இரண்டை. ஒன்று பென்சாயில் பெராக்சைடு ஜெல், 2.5 சதவீதம். கிருமியைக் கொல்லும்; அதற்குக் கிருமி பழகிப்போவதும் இல்லை. காலையில் பூசலாம். துணியை வெளுத்துவிடும் என்பதால் நல்ல துப்பட்டாவில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று அடாபலீன் 0.1 சதவீதம், அடைப்பைத் திறப்பது. இரவில், காய்ந்த முகத்தில், ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். பரு மேல் மட்டும் புள்ளி வைத்தால் போதாது. அடுத்த பரு கிளம்பப் போகும் இடமும் நனைய வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் தோல் காயும், உரியும், பரு கூடியது போலக்கூடத் தெரியும். பாதிப் பேர் அங்கேதான் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள், மேலே ஈரப்பதம் தரும் க்ரீம் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

ஜெல்லுக்கு அவ்வளவு சக்தியா என்று அம்மாக்கள் என்னிடம் கேட்பார்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு வந்தது. லேசான, நடுத்தரப் பரு உள்ள 649 பேர். சிலருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை, சிலருக்குப் பூசும் மருந்து. 18 வாரம் கழித்து நோயாளிகளையே கேட்டார்கள். ஓரளவாவது நன்றாகக் குறைந்தது என்று சொன்னவர்கள், டாக்சிசைக்ளின் வகையைச் சேர்ந்த மினோசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம், வெறும் பென்சாயில் பெராக்சைடு பூசியவர்களில் 60 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் மாத்திரை உசத்தி, ஜெல் மட்டம் என்ற எண்ணத்தை விட அது போதும். கிருமி மாத்திரைக்குப் பழகியிருந்தவர்களுக்கு மாத்திரையால் கிடைத்த பலன் குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறைய சீழ்ப் பரு, முதுகு வரை பரவியது, தொட்டால் வலிக்கிறது என்றால் நானே எழுதுகிறேன். பூசும் மருந்தோடு சேர்த்து, மூன்று மாதக் கணக்கில். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 12 வாரம் என்கிறது. மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்தி, பூசுவதை மட்டும் தொடர்ந்தவர்கள்தான் என்னிடம் வந்தவர்களில் நிம்மதியாக இருப்பவர்கள்.

கணக்கு மீறியவர்களையும் பார்த்திருக்கிறேன். மத்தியான வெயிலில் கிரிக்கெட் ஆடும் ஒரு பையனுக்கு டாக்சிசைக்ளினால் மூக்கும் புறங்கையும் வெந்துபோனது. வேறோர் ஊரில் இரண்டு வருடம் மினோசைக்ளின் சாப்பிட்டு வந்த பெண்ணுக்குப் பழைய பருத் தழும்புகளில் நீலச் சாம்பல் நிறம் படிந்திருந்தது. நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியும் முழுசாகப் போகவில்லை. அந்த மாத்திரை அபூர்வமாகக் கல்லீரலையும் மூட்டுகளையும் படுத்தும். இன்னும் சிலருக்கு, நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கால் நல்ல கிருமிகள் குறைந்து, நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் அரிக்கும் குருணைகள் கிளம்பும். அது பூஞ்சையால் வருவது. பரு என்று நினைத்து மேலும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அதிகமாகும். உங்கள் முகத்தில் இப்போது இருப்பதில் அரிப்பு உண்டா என்று கவனியுங்கள்.

தோழி சொன்ன அசித்ரோமைசின் வேறொரு ஆன்டிபயாடிக். அது வேண்டாம். டாக்சிசைக்ளின் கொடுக்க முடியாத கர்ப்பிணி போன்றவர்களுக்கு மருத்துவர் யோசித்து எழுதினால் அது வேறு. நம் ஊரில் டைஃபாய்டுக்கு நம்பியிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. பருவுக்காக வாரத்தில் மூன்று நாள் என்று மாதக்கணக்கில் அதைப் போடும்போது, தோலில் உள்ள கிருமி மட்டுமல்ல, தொண்டையிலும் குடலிலும் உள்ளவையும் சேர்ந்து பழகிக்கொள்ளும். தோழி உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனாலும் இதைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய மாதவிலக்கு விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 23 வயதில் விலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, பரு மாத்திரைக்கு அடங்கிவிட்டுத் திரும்புகிறது. பரு தாடையிலும் கழுத்தோரத்திலும் அதிகமா? மோவாயில் முடி, தலையில் முடி உதிர்வு, எடை கூடுவது உண்டா? அப்படியானால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, சர்க்கரை. இருந்தால் சிகிச்சையின் பாதையே மாறும். ஹார்மோனைச் சரிசெய்யும் மருந்து இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் நிலைக்காது. ரத்தசோகைக்கும் ஏன் என்று காரணம் தேடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கல்யாணப் பேச்சு நடக்கிற வயது உங்களுக்கு. கர்ப்பத்தில் டாக்சிசைக்ளின் கூடாது, அடாபலீனும் வேண்டாம். ஆழமான கட்டிப் பரு, குழித் தழும்பு என்றால் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் கர்ப்பத்தில் அறவே கூடாது. குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். யார் மருந்து எழுதினாலும் இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விசேஷத்துக்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று யாராவது ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். ஒரு வாரம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து, பரு முன்னைவிட மோசமாக வரும். பரு போன இடத்தில் நிற்கும் கறுப்புத் திட்டு வேறு; அது பரு அல்ல. நம் நிறத்தில் அது மறைய மாதங்கள் ஆகும். அதற்கு சன்ஸ்கிரீனும் பொறுமையும், கிள்ளாத கையும் வேண்டும்.

தோல் மருத்துவரிடம் போகும்போது இதுவரை போட்ட மாத்திரை அட்டைகள், எந்தெந்த மாதம் போட்டீர்கள் என்ற தேதி, கடைசி ஆறு மாத விலக்குத் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவும் மகளிர் பிரிவும் இருக்கின்றன, உங்களுக்குப் பக்கம்தான். மருந்துக் கடையில் காட்டிக்கொண்டிருந்த பழைய சீட்டையும் எடுத்துப்போய் அங்கேயே கொடுத்துவிடுங்கள். நெஞ்சு வலி அடங்கியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.