கெக்கரி இலையை விடியமுன் பாருங்கள்

மாரி தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பூஞ்சணம் பற்றித்தான். இம்முறை எல்லோரும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

காலையில் கெக்கரி இலையின் அடியில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. மத்தியானம் பார்த்தால் காணோம். என் கண்தான் பிழையா? (களுவாஞ்சிக்குடி)

கண் சரி. அது கீழ்ப்பூஞ்சண நோய். இலையின் மேலே நரம்புகளுக்குள் அடங்கிய மஞ்சள் கட்டங்கள் தெரியும். புரட்டினால் சாம்பலும் ஊதாவும் கலந்த தூள். ஈரத்தோடு ஆறு மணித்தியாலமாவது இருட்டுக் கிடைத்தால்தான் இது இலைத் துவாரங்களால் தண்டு நீட்டி வித்தி (நோயைப் பரப்பும் நுண்ணிய விதை) கட்டும். வெயில் ஏறியதும் வித்திகள் காற்றோடு போய்விடும், நோயோ இலைக்குள்ளேயே இருக்கும். சந்தேகமான இலையை ஈரக் கடதாசியோடு பொலித்தீன் பையில் கட்டி, இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். காலையில் தூள் பூத்திருந்தால் அதுதான். பின்னேரம் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் காலைக்கு மாற்றுங்கள். (கறாராகச் சொன்னால் இது பங்கசே (பூஞ்சையே) இல்லை, பாசிகளுக்குக் கிட்டிய சொந்தம். மருந்துக் கடையில் இது முக்கியம்: எல்லாப் பங்கசு மருந்தும் இதற்குக் கேட்காது.)

நெல் வட்டையில் இரவில் பல்பு எரித்தால் எரிபந்த நோய் குறையுமாமே? (வெல்லாவெளி)

சொன்னவர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். எரிபந்த வித்திகள் பெரும்பாலும் பின்னிரவில்தான் காற்றில் கழன்று பறக்கும். வெளிச்சம் அதைக் குறைக்கும். சரி, வட்டை முழுக்க எத்தனை பல்பு கட்டுவீர்கள்? பக்கத்து வயல் வித்தி வரம்பு பார்த்து நிற்குமா? யூரியா ஒரேயடியாக விழுந்தால் எரிபந்தம் கூடும்; பல்புக்குச் செலவழிப்பதை விட, அதைப் பிரித்துப் போடுங்கள்.

தக்காளி இலைக் கருகலில் இருந்து எடுத்த ஆல்டர்னேரியா பங்கசை அலுமாரியில் வளர்க்கிறேன். பஞ்சு மாதிரி வளர்கிறது, வித்தி இல்லை. (மாணவி, வந்தாறுமூலை)

அலுமாரியைத் திறவுங்கள். இதற்கு வித்திக்காம்பு எழும்ப வெளிச்சம் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிர் இன்னும் நல்லது. காம்பின் நுனியில் வித்தி கட்டவோ இருட்டு வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் சேர்ந்தால்தான் மட்டக்களப்பு என்பது போல. 12 மணித்தியாலம் வெளிச்சம், 12 மணித்தியாலம் இருட்டு என்று மாற்றி வையுங்கள்.

வெயிலில் நின்றால் தேமல் போகுமா? (அக்கரைப்பற்று)

போகாது. சுற்றியுள்ள தோல் கறுக்க, தேமல் இன்னும் எடுப்பாகத் தெரியும். வியர்வையும் அதற்கு விருந்துதான். டாக்டரிடம் காட்டிப் பூசுங்கள். பங்கசு செத்த பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்காகும், அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.