பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம்: கேட்டவையும் பதில்களும்

பத்து ஆண்டுகளாகத் தடுப்பூசித் திட்டமொன்றில் வேலை பார்க்கிறேன். பிஎச்.டி., டி.ஆர்.பி.எச். (டாக்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த்) என்று இரண்டு பட்டங்கள் சொல்கிறார்கள். எனக்கு எது பொருந்தும்?

இரண்டும் முனைவர் பட்டங்களே; ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்பதில்லை. பிஎச்.டி. ஆய்வாளருக்கானது. இதுவரை பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, நீங்களே ஆய்வை வடிவமைத்து விடை காண வேண்டும். டி.ஆர்.பி.எச். திட்டங்களையும் கொள்கைகளையும் முன்னின்று நடத்துபவருக்கானது. அதில் களப்பயிற்சி கட்டாயம். இறுதிப் பணியும் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை ஒட்டி அமையும். அமெரிக்காவில் இத்துறைக் கல்விக்கு அங்கீகாரம் தரும் சி.இ.பி.எச். அமைப்பு, டி.ஆர்.பி.எச். பட்டத்துக்கு முதுநிலைக்குப் பின் குறைந்தது 36 செமஸ்டர் கிரெடிட் கேட்கிறது.

திட்டத்திலேயே தொடர்ந்து மேலே போக நினைத்தால் டி.ஆர்.பி.எச். நல்லது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆராயவும் விருப்பமென்றால் பிஎச்.டி.யே சரி.

என்னுடையது சமூகவியல் முதுகலை. எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) இல்லாமல் சேர முடியுமா?

பல இடங்களில் முடியும். ஆனால் நோய்ப்பரவியலும் உயிரிப் புள்ளியியலும் படித்ததற்கான சான்று கேட்பார்கள். இல்லையென்றால் சேர்ந்தபின் கூடுதல் பாடங்களாக எழுத வைப்பார்கள். விண்ணப்பத்தைவிட முக்கியமானது நெறியாளர். அவருடைய சமீபத்திய கட்டுரைகள் மூன்றையாவது படித்துவிட்டு, உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். ‘தாய்சேய் நலத்தில் ஆர்வம்’ என்பது தலைப்பு மட்டுமே. யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை அளக்கப் போகிறீர்கள் என்று சொன்னால்தான் அது கேள்வியாகும்.

சேர்ந்த நாள் முதல் பட்டம் வரை என்னென்ன கட்டங்கள்? எங்கே அதிகம் தாமதமாகிறது?

பாடங்கள், தகுதித் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, நெறிமுறைக் குழுவின் (பங்கேற்பாளர்களின் நலனும் உரிமையும் காக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் குழு) அனுமதி, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. பொதுவான வரிசை இது. பாடங்களும் தகுதித் தேர்வும் இல்லாமல் நேரே ஆய்வில் இறங்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

தாமதம் பெரும்பாலும் முன்மொழிவுக்கும் அனுமதிக்கும் நடுவில்தான். குழு தினமும் கூடுவதில்லை. ஒரு கூட்டத்தில் திருத்தம் சொன்னால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு முறை திரும்பினால் மாதங்கள் கரைந்துவிடும். திரும்பி வருவதற்கான காரணங்கள் பழகியவைதான்: ஒப்புதல் படிவம் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் இருக்காது, தரவை யார் எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று எழுதியிருக்காது, மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்க்க அந்த நிர்வாகத்தின் கடிதம் இணைத்திருக்காது. இந்தக் கடிதம் வேறு, குழுவின் அனுமதி வேறு, இரண்டும் வேண்டும்.

மாதிரி அளவு 384 என்று எழுதினேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல ஆய்வேடுகளில் இதே எண்தானே இருக்கிறது?

இருக்கிறது, பலரும் கணக்கைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால். பரவல் (நீங்கள் அளப்பது நூற்றுக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது) 50 சதவீதம், பிழை வரம்பு 5 சதவீதப் புள்ளி, நம்பிக்கை அளவு 95 சதவீதம் என வைத்து, 1.96 × 1.96 × 0.5 × 0.5 என்பதை 0.05 × 0.05 ஆல் வகுத்தால் 384.16 வரும். ஆளைப் பின்னமாக எடுக்க முடியாது, ஆகவே 385.

இதுவும் எளிய வாய்ப்பு மாதிரிக்கு, அதாவது மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுப்பதற்கு மட்டுமே. முதலில் ஊர்களைத் தேர்ந்து, பிறகு அந்த ஊர்களில் வீடுகளை எடுப்பதானால் கணக்கு மாறும். ஒரே ஊர்க்காரர்கள் குடிநீர், மருத்துவ வசதி, பழக்கம் என்று பலவற்றில் ஒத்திருப்பார்கள்; கூடுதலாக ஒருவரைக் கேட்பதால் கிடைக்கும் புதுத் தகவல் குறைவு. அதை ஈடுகட்ட மாதிரி அளவைப் பெருக்கும் எண்ணே வடிவமைப்பு விளைவு. அது 1.5 என்றால் 384.16 × 1.5 = 576.24. பத்தில் ஒருவர் மறுப்பார் என எதிர்பார்த்தால் 0.9 ஆல் வகுக்க வேண்டும்: 641 பேர். பலர் இங்கே வெறுமனே பத்து சதவீதம் கூட்டி 634 என்று எழுதுகிறார்கள். 634 பேரில் பத்தில் ஒருவர் மறுத்தால் மிஞ்சுவது 570 சொச்சம், தேவை 577.

இன்னொன்று. நீங்கள் தேடும் நோயின் பரவல் 5 சதவீதத்தை ஒட்டியிருந்தால், 5 புள்ளி பிழை வரம்பு பூஜ்யத்திலிருந்து பத்து வரை நீளும். அப்படிப்பட்ட விடையால் யாருக்கும் பயனில்லை, வரம்பைக் குறுக்குங்கள். இரு குழுக்களை ஒப்பிடுவதே நோக்கமென்றால் இந்தச் சூத்திரமே பொருந்தாது. எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதை ஆய்வு பிடிக்கும் வாய்ப்பு, அதாவது புள்ளியியல் திறன், எவ்வளவு (வழக்கமாக 80 சதவீதம்) என்பதிலிருந்து கணக்கிட வேண்டும்.

நேரமில்லாததால் 200 பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கிவிட்டேன். இனி நெறிமுறை அனுமதி வாங்கலாமா?

ஆய்வுக்கென்று ஆட்களிடம் வாங்கிய தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள். மறைக்காதீர்கள். நெறியாளரிடமும் குழுவிடமும் நடந்ததை எழுத்தில் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த 200-ஐ விட்டுவிட்டு, அனுமதிக்குப் பிறகு புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும். வலிக்கும்தான், ஆனால் நம்பி விவரம் தந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடமை அது.

பெயர் நீக்கிய பழைய பதிவேட்டுத் தரவுக்கு விலக்கு கிடைக்கலாம். விலக்கு உண்டா என்பதையும் குழுதான் தீர்மானிக்கும், நீங்கள் அல்ல.

ஆய்வேட்டை மூன்று கட்டுரைகளாகத் தரலாம் என்கிறார்கள். அது எளிதா?

வேறுவிதமான உழைப்பு, அவ்வளவுதான். மூன்றையும் இணைக்கும் முன்னுரையும் முடிவுரையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன என்று கூட்டாசிரியர்கள் கையெழுத்திட்ட அறிக்கை கேட்பார்கள். கட்டுரை ‘வெளியாகியிருக்க வேண்டும்’ என்கிறதா, ‘அனுப்பியிருந்தால் போதும்’ என்கிறதா என்று விதியை முதல் ஆண்டிலேயே பாருங்கள். வெளியாக வேண்டுமென்றால் இதழின் மதிப்பாய்வுக்கு ஆகும் காலத்தையும் உங்கள் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும். நோக்கு ஆய்வு (எதையும் மாற்றாமல், நடப்பதைக் கவனித்து மட்டும் பதிவது) என்றால், அத்தகைய ஆய்வின் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் எழுதத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று அது கேட்கும்போது, களத்தில் குறித்து வைக்காதவரால் பதில் எழுத முடியாது.