மூன்றாவது நாளே நின்றுவிடுகிறது, அக்கா!

கேள்வி: எனக்கு வயது 24. சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு வருவது 28,000 ரூபாய். நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் பணம் காலி. ராத்திரி இரண்டு மணி வரை போன், காலையில் அரக்கப்பரக்க ஓட்டம். நாலரைக்கு எழுந்து ஓட வேண்டும், செலவுக்கணக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை ஆரம்பித்துவிட்டேன், மூன்றாவது நாளே நின்றுவிடுகிறது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்கிறார் அப்பா. நிஜமாகவே எனக்கு இனி வராதா அக்கா?
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: வரும் தம்பி. அப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நியூசிலாந்தில் டுனிடின் என்ற ஊரில் 1972, 73ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைக் குழந்தையிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சின்ன வயதில் தன்னை அடக்கத் தெரிந்த பிள்ளைகள் 32 வயதில் உடம்பிலும் பணத்திலும் நல்ல நிலையில் இருந்ததாக 2011ல் எழுதினார்கள். சரி, அது நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வதுதான். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது: சின்ன வயதில் அடங்காமல் இருந்துவிட்டு வாலிப வயதுக்குள் தங்களை மாற்றிக்கொண்டவர்களின் நிலைமையும் மேம்பட்டிருந்தது. ஐந்தில் வளையாதது இருபத்து நாலில் வளையும்.

நீங்கள் ஒரே நாளில் தூக்கம், ஓட்டம், கணக்கு, போன் என்று நாலு சண்டையை ஆரம்பிக்கிறீர்கள். இரண்டு மணிக்குப் படுத்தவர் நாலரைக்கு எழுந்து ஓடினால் மூன்றாம் நாள் உடம்பு படுத்துக்கொள்ளத்தான் செய்யும், அதற்கு மனசைத் திட்டி என்ன பயன்?

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். எங்கள் கிளைக்கு எதிரே ஒரு அம்மா பூக்கட்டி விற்பார். மூன்று மணி வாக்கில் வியாபாரம் ஓயும்போது சுருக்குப் பையிலிருந்து 50 ரூபாயைத் தனியே எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கூடைக்கு அடியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் டீக்கடைப் பக்கம் போவார். மாதக் கடைசியில் அந்த முடிச்சை அப்படியே கொண்டுவந்து, மாதாமாதம் பணம் போடும் சேமிப்புக் கணக்கான ஆர்.டி.யில் கட்டுவார். ஒருநாள் கேட்டேன், டீ குடித்துவிட்டு எடுத்துவைத்தால் என்ன என்று. ‘டீ குடிச்சா வடை கேக்கும்மா’ என்றார். மகளை நர்சிங் படிக்க வைத்தது அந்த முடிச்சுதான். வடை மேல் அவருக்கும் ஆசை உண்டு, ஆனால் ஆசை வரும் நேரத்துக்கு முன்னாலேயே பணம் கையை விட்டுப் போயிருக்கும்.

உங்களுக்கு மஞ்சள் துணி தேவையில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறதென்றால் இரண்டாம் தேதியே 2,000 ரூபாய் தானாகக் கழிந்து ஆர்.டி.க்குப் போகும்படி வங்கியின் செயலியிலேயே ஏற்பாடு செய்துவிடலாம், பத்து நிமிட வேலை. 23 வயதிலிருந்து 58 வரை மாதம் 2,000 போட்டு, வருடத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 33 லட்சம் சேரும். அதையே 33 வயதில் ஆரம்பிப்பவருக்கு 15 லட்சம்தான். முதல் பத்து வருடத்தில் கையிலிருந்து போட்டது வெறும் 2,40,000. கல்யாணம் ஆகட்டும், சம்பளம் ஏறட்டும் என்று தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இருபதாம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டில் காலம் தள்ளி ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் வழக்கம் இருந்தால் சேமிப்புக்கு முன் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகிறார்கள், வருடக் கணக்கில் அது 40ஐத் தொட்டுவிடும்.

அடுத்தது போன். சார்ஜரைக் கட்டில் பக்கத்திலிருந்து எடுத்து சமையலறையில் மாட்டுங்கள், எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். நாலரையை இப்போதைக்கு மறந்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டுக்குப் படுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அது படிந்த பிறகு ஓட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்து 2010ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மூன்றாம் நாள் விட்டதில் தப்பே இல்லை தம்பி, நாலாம் நாள் திரும்பி வராததுதான் குறை.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் போட்ட மாலையோடு உட்கார்ந்து, கிராஜுவிட்டியில் கடன் பாக்கி கழிந்தது போக மிச்சம் எவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். மறு மாதமே வேறொரு இடத்தில் கணக்கெழுதப் போனார், முட்டி வலியோடு. நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், அவ்வளவுதான்.

கேள்வி: மகனுக்கு 21 வயது. தினமும் நாலு தடவை எழுப்பினால்தான் கல்லூரிக்குக் கிளம்புகிறான். விட்டுவிடலாமா?
- ஒரு தாய், கரூர்

பதில்: விட்டுவிடுங்கள் சகோதரி, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு விடுங்கள். ‘திங்கட்கிழமையிலிருந்து நான் எழுப்ப மாட்டேன்ப்பா, டிபன் மேஜைமேல் இருக்கும்’ என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், குத்தல் வேண்டாம். இரண்டு வாரம் பஸ்ஸை விடுவான், வருகைப் பதிவில் கொஞ்சம் அடிபடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது உங்களுக்குத்தான் கஷ்டம். அந்த நேரத்தில் மொட்டை மாடியில் நடந்துவிட்டு வாருங்கள்.