மாடியிலிருந்து கீழே திறக்கிறது, கீழிருந்து மாடிக்குத் திறக்கவில்லை

கேள்வி: வீட்டிலேயே திருமண ஆல்பம் வடிவமைக்கிறோம். கீழே ஒரு கணினி, மாடியில் ஒரு கணினி. இரண்டும் விண்டோஸ் 11. மாடியில் சிக்னல் குறைவு என்பதால் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து வயர் இழுத்துக் கொடுத்தோம். இன்டர்நெட் இரண்டிலும் நன்றாக வருகிறது. மாடியிலிருந்து கீழ்க் கணினியில் உள்ள படங்களைத் திறக்க முடிகிறது. கீழிருந்து மாடிக் கணினியைத் திறக்கவே முடியவில்லை. டவுனில் ஒரு கடையில் கேட்டோம், இரண்டு ரவுட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: வேண்டாம். ஒரு சதமும் செலவழிக்காமல் இதைச் சரிசெய்து பாருங்கள்.

ஒரு பக்கம் திறக்கிறது, மறுபக்கம் திறக்கவில்லை என்கிறீர்களே, காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கிக்கொண்டு இயங்குகிறது. உள்ளேயிருந்து வெளியே போகும் தொடர்பை அது விடும், வெளியிலிருந்து தானாக வருவதை மறிக்கும். அதன் கணக்கில் உங்கள் கீழ்வீடும் 'வெளி'தான்.

உறுதிசெய்வது சுலபம். இரண்டு கணினியிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஐபிவி4 (IPv4) முகவரியை, அதாவது வலையமைப்பில் அந்தக் கணினிக்குக் கிடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்கினால், அதாவது முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகாவிட்டால், இதுதான் கோளாறு.

மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (தனி வலையமைப்பு உருவாக்காமல், கீழ் ரவுட்டரின் வலையமைப்பையே நீட்டிக் கொடுக்கும் முறை) இருந்தால் அதைத் தெரிவுசெய்தாலே போதும். இல்லையென்றால், முதலில் அதன் முகவரியைக் கீழ் ரவுட்டரின் வரிசைக்கு மாற்றுங்கள். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம், வேறு கருவி எதற்கும் அந்த எண் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதில் டிஎச்சிபியை (DHCP, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்துங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் வயரை மாடி ரவுட்டரின் 'வான்' (WAN, இன்டர்நெட் வரும்) துளையிலிருந்து கழற்றி 'லான்' (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபியை நிறுத்தாமல் வயரை மாற்றினால் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கி, இருக்கிற இன்டர்நெட்டும் குழம்பும்.

அதன் பிறகும் திறக்கவில்லையா? மாடிக் கணினியில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்கி, பைல் ஷேரிங்கை இயக்குங்கள். கடவுச்சொல் கேட்கும்போது பலர் தினமும் அடிக்கும் 'பின்' (PIN) இலக்கத்தைக் கொடுத்துவிட்டுத் திணறுகிறார்கள். அந்த 'பின்' இலக்கம் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். இங்கே மாடிக் கணினியில் உள்ள கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். வீட்டுக் கணினிகளுக்குள் கோப்புகளைப் பகிர முன்பு இருந்த ஹோம்குரூப் வசதியைத் தேட வேண்டாம், 2018இலேயே விண்டோஸ் 10இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

படங்கள் மெதுவாகப் போனால், முகவரி பார்த்த அதே செட்டிங்ஸ் பக்கத்தில் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். 1000 Mbps வர வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால், ரவுட்டரின் துளையே 100க்கானதாக இருக்கலாம், அல்லது வயரின் எட்டு இழைகளில் ஏதாவது அறுந்திருக்கலாம். 1000க்கு எட்டும் வேண்டும், 100க்கு நான்கு போதும். வயர் மாற்றுவதென்றால் கேட் 5இ (Cat 5e) வகை போதுமானது, 100 மீற்றர் வரை தாங்கும். ஆனால் முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, வளைத்தால் சீக்கிரம் முறியும். இழையைக் கத்தியால் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உவர்மலையில் கடற்காற்று சும்மா விடாது, வெளிச்சுவர் வழியாகப் போகிற வயரில் இடையில் இணைப்புப் போட விடாதீர்கள். பற்றுச்சீட்டில் வயரின் வகையையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.